அந்த நாலு பேரேடு

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பொது வீடு. அண்ணன், நான், தம்பி மூவருக்கும் பங்கு உண்டு. வீட்டை ஹோட்டலுக்குக் குத்தகை விடப் பேசுகிறார் அண்ணன். இரண்டாம் கட்டில் பெட்டி பெட்டியாக இருக்கும் ஐயா காலத்து ரங்கூன் கணக்கு, ஓலை, கடிதம் எல்லாவற்றையும் பழைய சாமான் வியாபாரிக்குத் தள்ளிவிடலாம் என்கிறார். பத்திரமாக இருக்கட்டும் என்று நாலு பேரேடுகளைப் போன வருடமே சென்னைக்கு எடுத்து வந்துவிட்டேன். மீதியை எப்படிக் காப்பாற்றுவது?
(ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி)

பதில்: உங்கள் அண்ணனை அப்புறம் பார்க்கலாம். அந்த நாலு பேரேடு என்ன கதை? எடுத்து வந்ததை யாரிடமாவது சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை, அதனால் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். வங்கியில் இருந்தவர் நீங்கள். கிளையிலிருந்து ஒரு லெட்ஜரை ஒருவர் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வீட்டுக்குத் தூக்கிப்போயிருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா? அண்ணன் மொத்தமாகத் தள்ளப் பார்க்கிறார், நீங்கள் பிடித்ததை மட்டும் உருவிக்கொண்டீர்கள். பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பேரேட்டில் ஓர் ஆளின் பெயர், பற்று, வரவு, தேதி, அவ்வளவுதான் இருக்கும். அன்றைக்கு என்ன நடந்தது என்பது அன்றாடக் குறிப்பில் இருக்கும், ஏன் நடந்தது என்பது ரங்கூன் கடையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டு ஊருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும். அதெல்லாம் ஊரில், பேரேடு உங்கள் பீரோவில். இரண்டும் ஊமை. 1930களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் கடைகளுக்கு வந்துசேர்ந்ததே, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அவர்கள் கையில் இருந்ததே, 1942இல் ஜப்பான் படை வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்களே, அதில் உங்கள் ஐயா சம்பாதித்ததும் இழந்ததும் அந்தப் பெட்டிகளில் இருக்கலாம். கடன் வாங்கியவர்களின் பெயர்களும் இருக்கும். குடும்பப் பெருமைக்கு உதவாத பக்கம் என்று எதையும் ஒதுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதேபோல கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானமும் சீர்வரிசைப் பட்டியலும் மொய் ஏடும் 'பெண்கள் சமாசாரம்' என்று குப்பைக்குப் போகக் கூடாது. பல வீடுகளில் முதலில் போவது அதுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் அவர் 1992இல் இறந்த பிறகும் சிதறிப்போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை மொத்தமாக வாங்கியதால்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் வந்தது. ஆளுக்கு நாலு புத்தகம் எடுத்துப்போயிருந்தால் வந்திருக்குமா?

சரி, செய்ய வேண்டியது. முன்னோருக்குப் படையல் போடும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது, அவர்கள் பார்க்க, நாலையும் எந்தப் பெட்டியில் எடுத்தீர்களோ அதிலேயே திருப்பி வையுங்கள். அப்புறம் இருக்கிற வரிசை கலையாமல் எண் போட்டு, படம் எடுத்து, பருத்தித் துணியில் கட்டுங்கள். லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். எந்த நூலகத்துக்குக் கொடுப்பது என்பதைப் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிவு செய்யட்டும்.

இன்றைக்கே அண்ணனுக்குப் போன் போடுங்கள். ஹோட்டல் பேச்சை எடுக்காமல், "நாலு பேரேடு என்கிட்ட இருக்குண்ணே" என்பதை முதலில் சொல்லுங்கள்.