அமெரிக்காவின் ஈரி பகுதியை ஏன் ‘ஊசலாடும் கவுண்டி’ என்கிறார்கள்?

கவுண்டி என்பது மாவட்டம் போன்றது. தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறி வெற்றி தருவதை ஊசலாடும் கவுண்டி என்பார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரியில், அதிபர் தேர்தல்களில் 2008, 2012-இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, 2016-இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப், 2020-இல் ஜனநாயகக் கட்சியின் பைடன், 2024-இல் மீண்டும் டிரம்ப் முந்தினார்கள்.

ஈரி நகரம் ஜனநாயகக் கட்சிப் பக்கம். சுற்றியுள்ள கிராமங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம். நடுவில், ரயில் எஞ்சின் தொழிற்சாலை போன்றவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். வேலைகள் குறையக் குறைய, ஜனநாயகக் கட்சி மீது அவர்களில் பலருக்கு இருந்த பழைய பிடிப்பும் தளர்ந்தது. என் பார்வையில் இதுதான் முக்கியம். தராசின் இரு தட்டும் சமமாக நின்றால், ஒரு பிடி அரிசியே சாய்த்துவிடும். 2020-இல் வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான்.

அப்புறம், அங்கே எல்லோரும் கட்சி மாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் எப்போதும் ஒரே கட்சிக்குத்தான் வாக்களிக்கிறார்கள், மாறுவது சிலர்தான்.