இணையம் இல்லாத பாடசாலையில் இலவச மின் பாடங்கள்: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம், தரம் 11 வரை உள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணினி அறையில் ஆறு கணினிகள் வேலை செய்கின்றன, ஒரு புரொஜெக்டரும் உண்டு. இணையம் என்றால் எங்கள் கைத்தொலைபேசி டேட்டாதான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஒரு ஸ்மார்ட் போர்டும், சந்தா கட்டிப் பார்க்கும் பாடச் செயலி ஒன்றும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பவற்றை வைத்தே செய்யலாமே என்கிறார் அதிபர். அப்படி என்னென்ன கிடைக்கும்? அவற்றைப் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: என் வாக்கு உங்கள் அதிபருக்குத்தான், ரீச்சர்.

சந்தாச் செயலியில் எனக்குள்ள தயக்கம் விலையைப் பற்றியது மட்டும் இல்லை. இந்த வருடம் பழைய மாணவர்கள் கட்டுவார்கள், அடுத்த வருடம் யார் கட்டுவது? அதைவிடப் பெரிய விஷயம் இடமாற்றம். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் ஆசிரியர் ஊருக்குப் போய்விடுவார். அவர் தயாரித்த பாடங்கள் அவருடைய லப்டொப்போடு போகும், கடவுச்சொல்லும் சேர்ந்து போகும். வன்னியில் பல கணினி அறைகள் பூட்டிக் கிடப்பதற்குப் பழுது மட்டும் காரணம் இல்லை, தெரிந்தவர் மாறிப் போனதும்தான் காரணம். ஆகவே எதைத் தெரிவு செய்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கு நான் மாறிப் போனால், அடுத்து வருபவர் இதைத் திறந்து, தனக்கேற்ப மாற்றி, யாரிடமும் கேட்காமல் பாவிக்க முடியுமா?

யாரும் இலவசமாக எடுத்து, மாற்றி, பகிர ஆக்கியவரே உரிமை கொடுத்த பாடப்பொருளைத்தான் திறந்த கல்வி வளம் என்கிறோம். அதன் பயனே அதுதான். யுனெஸ்கோ 2002 முதல் பேசிவரும் விஷயம் இது. 2019 நவம்பரில் இதற்கென ஒரு பரிந்துரையையும் நிறைவேற்றியது. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் இந்த வகையில் அடங்காது. யூடியூப் காணொளி இலவசம்தான், ஆனால் பெரும்பாலானவற்றை இறக்கி வைத்துப் பகிர உரிமை இல்லை. பக்கத்தின் அடியிலோ காணொளியின் விளக்கக் குறிப்பிலோ கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம், அதாவது இதை எப்படிப் பாவிக்கலாம் என்று ஆக்கியவர் முன்கூட்டியே தரும் அனுமதி, இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பி.வை. (BY) என்றால் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். எஸ்.ஏ. (SA) சேர்ந்திருந்தால், நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். என்.டி. (ND) இருந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது. என்.சி. (NC) என்றால் வணிகத்துக்கு ஆகாது. காலையில் பாடசாலையில் காட்டுவதையே பின்னேரம் காசு வாங்கும் ரியூசனிலும் காட்டுபவர்கள் இந்தக் கடைசி எழுத்துகளைக் கொஞ்சம் கவனிப்பது நல்லது.

உரிமம் எதுவும் இல்லாத பொருளுக்கு இலங்கையின் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமான பயன்பாட்டில் கற்பித்தலைச் சேர்க்கிறது. வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதும் அதில் வருகிறது. ஆனால் எவ்வளவு எடுத்தோம், விற்பனையை அது பாதிக்கிறதா என்பவையும் கணக்கில் எடுக்கப்படும். ஒரு புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் போட்டோகொப்பி அடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் வழிகாட்டி நூல் முழுவதையும் ஸ்கான் செய்து வட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு கதை.

இனி எவை என்று பார்ப்போம். அரச பாடநூல்களின் பிடிஎஃப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் உண்டு, ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உண்டு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ என்ற இணையக் கற்றல் தளம் தரம், பாடம் வாரியாக மூன்று மொழிகளிலும் இருக்கிறது. இவற்றை ஒருமுறை இறக்கி வையுங்கள், ஆனால் இவற்றோடு நின்றுவிடாதீர்கள். 1980இலிருந்து பாடநூல் பிள்ளையின் கைக்கே இலவசமாக வருகிறது. அதே பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டுவதால் புதிதாக ஒன்றும் விளங்கிவிடாது.

விஞ்ஞானத்துக்கு நான் முதலில் காட்டுவது ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்களைத்தான், அதாவது பரிசோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிறு மென்பொருள்களை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்வது. 2001இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. மின்சுற்றில் மின்கலம், குமிழ், ஆளி எல்லாவற்றையும் பிள்ளையே இழுத்துப் பொருத்தலாம். பிழையாகப் பொருத்தினால் திரையில் நெருப்புப் பிடிக்கும், கருவி எரியாது! ஆய்வுகூடத்தில் இரண்டே அம்பியர்மானி உள்ள பாடசாலைக்கு இது பெரிய உதவி. ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும், பிறகு இணையமின்றிச் சாதாரண உலாவியில் ஓடும். சிலவற்றுக்குத் தமிழ் இடைமுகமும் உண்டு. கணிதத்துக்கு, வரைபும் கேத்திர உருவமும் வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள், வணிகமற்ற பாவனைக்கு இலவசம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமின்றி வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருளோடு ஒரு பென்ட்ரைவிலேயே வைத்திருக்கலாம். வரலாற்று, தமிழ் ஆசிரியர்களிடம் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தைச் சொல்லுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவமாக்கி வருகிறது. போரில் நூலகத்தை இழந்த பாடசாலைகளுக்கு அதன் அருமை தெரியும்.

தமிழ்க் காணொளிகளில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஒளிச்சேர்க்கை, செல். நம் பிள்ளைக்கு ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஒளித்தொகுப்பு, கலம். சாதாரண தரப் பரீட்சையில் எதை எழுதுவது என்று பிள்ளை குழம்பும், பாடத்திட்ட ஒழுங்கும் வேறு. ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு நீங்களே விளக்குவது எனக்குப் பிடித்த வழி. அப்போது இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கவும் முடியும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வளத்தை மறக்க வேண்டாம். நீங்கள் செய்த வினாத்தாள்கள், செயலட்டைகள், படங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் அவை பாமினி எழுத்துருவில் இருக்கும், அல்லவா? பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், கீழே உங்கள் பெயரையும் பி.வை. உரிமத்தையும் போடுங்கள். மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ இருக்கும் இன்னொரு விஞ்ஞான ஆசிரியர் அதைத் திருத்திப் பாவிக்கலாம்.

பொருத்துவது சிரமமில்லை. பலருக்குத் தெரியாத விஷயம், ரவுட்டர் வேலை செய்ய இணையம் தேவையில்லை. ஒரு கணினியில் எல்லாவற்றையும் வைத்து, சாதாரண ரவுட்டர் ஒன்றால் மற்றக் கணினிகளை இணைத்தால் போதும், அறைக்குள்ளேயே ஒரு சிறு வலையமைப்பு வந்துவிடும். இன்னும் ஒழுங்காக வேண்டுமென்றால் பாடங்களைச் சேர்த்து அடுக்கி வைக்கும் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை அந்தக் கணினியில் நிறுவுங்கள். இணையமில்லாத பாடசாலைகளை நினைத்தே உருவாக்கியது அது. பிள்ளைகள் மற்றக் கணினிகளில் உலாவி வழியாகத் திறப்பார்கள். அதன் நூலகத்தில் ஆங்கிலமே அதிகம், தமிழ் குறைவு. உங்கள் சொந்த பிடிஎஃப், காணொளிகளையும் அதில் ஏற்றலாம் என்பதால் அது பெரிய குறையில்லை. பெரிய கோப்புகளைக் கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்கிக் காசைக் கரைக்காதீர்கள். வலயத்தின் கணினி வள நிலையத்திலோ, நல்ல இணைப்புள்ள ஒரு நண்பர் வீட்டிலோ வெளி வன்தட்டில் இறக்கிக்கொண்டு வரலாம்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். ஒரு தவணைக்கு ஒரு வகுப்பு, ஒரு அலகு. தரம் 10இல் மின்னியலோ, தரம் 9இல் ஒளியோ, நீங்கள் படிப்பிக்கக் கஷ்டப்படும் அலகையே எடுங்கள். பொருத்தமானதைத் தேடி, பாடத்திட்டத்தோடு ஒத்துப் பார்த்து, ஒரு பாடவேளைக்குள் அடக்குவதற்குத்தான் நேரம் போகும், இறக்குவதற்கு அல்ல. அந்த வேலைக்கு நேரசூசியில் வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கித் தரும்படி அதிபரிடம் கேளுங்கள். இன்னொரு ஆசிரியரையும் உயர் வகுப்புப் பிள்ளைகள் இருவரையும் ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர்களுக்கு என்ன சொல்வது? ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள். அது பழுதானால் திருத்த ஆளைத் தேடி அலைய வேண்டும். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல லப்டொப், ஒரு ரவுட்டர், இரண்டு வெளி வன்தட்டு, புரொஜெக்டருக்கு ஒரு யுபிஎஸ், மாற்றுக் குமிழ் கேட்கலாம். லப்டொப் மின்சாரம் போனாலும் பாடத்தை முடிக்க விடும், மேசைக்கணினியைவிடக் குறைந்த மின்சாரமே எடுக்கும். செம்மண் புழுதி பறக்கும் மாதங்களில் மூடி வைக்க உறைகளையும் பட்டியலில் சேருங்கள். பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக வரட்டும், பொருட்கள் பொருட்பதிவேட்டில் ஏறட்டும். பழுதானால் யார் பொறுப்பு என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி, பாவனையில் வரும் பழுதுக்கு ஆசிரியரிடம் அறவிடுவதில்லை என்று அறிக்கையில் எழுதுவியுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே அலுமாரிக்குள் புத்தம் புதிதாக இருக்கும். வன்தட்டுகளில் ஒன்று கணினி அறையில், மற்றது அதிபரின் அலுவலகத்தில். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி அந்த இரண்டாவது வன்தட்டோடு வைத்துவிடுங்கள்.