கணினிக் கேள்வி – பதில்: பாதியில் நின்றுபோகும் திரைகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒரே பொருளைப் பற்றியவை. மேசைச் சூழலோ எக்ஸ் சேவையகமோ இல்லாத சிறு கணினிகளில், லினக்ஸின் பிரேம்பஃபர் என்னும் திரை நினைவகத்தில் நேரடியாக வரையும் வரைகலைச் செய்நிரல்கள் ஏன் முடங்குகின்றன என்பதே அவற்றின் கேள்வி. யாழ்ப்பாணத்தில் கடைகளிலும் கோயில்களிலும் மருத்துவ நிலையங்களிலும் இத்தகைய திரைகள் பெருகிவருவதால், இம்முறை பகுதி முழுவதையும் இந்நான்கு கடிதங்களுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: நல்லூரில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு, நோயாளரின் வரிசை எண்ணைக் காட்டும் திரை ஒன்றைச் செய்துகொடுத்தேன். எல்விஜிஎல் கருவித்தொகுதியைக் கொண்டு சி மொழியில் எழுதியது. பிரேம்பஃபருக்குள் படத்தை எழுதும் சார்பு மட்டும் நானே எழுதியது. 800×480 அளவுள்ள சிறு திரையில் பல மாதம் பிழையின்றி ஓடிய அதே செய்நிரலை, 1366×768 திரை இணைந்த வேறொரு கணினியில் இட்டதும், சாய்வான வண்ணக் கோடுகள் திரை முழுவதும் பரவி, உடனே ‘செக்மென்டேஷன் ஃபோல்ற்’ என்று நின்றுவிடுகிறது. திரையின் அளவுகளைக் காட்டும் ‘எஃப்பிசெற்’ கட்டளையின் வெளியீட்டை இணைத்துள்ளேன். எல்விஜிஎல்லைக் கைவிட்டுக் கியூட்டி என்னும் வேறொரு கருவித்தொகுதிக்கு மாறலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: மாற வேண்டாம். கியூட்டிக்கு மாறினால் இத்தொல்லை நீங்கவும் கூடும், ஏனெனில் அதன் லினக்ஸ்எஃப்பி செருகி திரையின் அளவுகளைத் தானே கேட்டறிந்துகொள்கிறது. ஆனால் தங்கள் சார்பிலும் அதே கேள்வியைக் கேட்பதற்குப் பத்து வரிகளுக்கு மேல் தேவைப்படாது.

பிரேம்பஃபர் என்பது, திரையிலுள்ள ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் வரிசையாக வைத்திருக்கும் நினைவகப் பகுதி. லினக்ஸ் அதனை ‘டெவ்’ கோப்புறைக்குள் ‘எஃப்பி0’ என்னும் கோப்பாகக் காட்டுகிறது. செய்நிரல் அக்கோப்பைத் திறந்து, ‘எம்மேப்’ அழைப்பின் மூலம் தன் முகவரிப் பரப்புக்குள் கொண்டுவந்து எழுதுகிறது. அப்பகுதி எங்கே முடிகிறதோ அதற்கு அப்பால் எழுத முயலும் செய்நிரலை, லினக்ஸின் உட்கருவான கேர்னல் அந்தக் கணத்திலேயே நிறுத்திவிடுகிறது; தாங்கள் கண்ட ‘செக்மென்டேஷன் ஃபோல்ற்’ அதுவே.

இனித் தாங்கள் அனுப்பிய வெளியீட்டைப் பாருங்கள். பழைய சிறு திரையில் ஒரு பிக்சலுக்கு 32 பிற்றுகள், அதாவது 4 பைற்றுகள் இருந்தன; புதிய திரையில் 16 பிற்றுகள், அதாவது 2 பைற்றுகளே உள்ளன. ஒரு வரியின் நீளம் 2,752 பைற்றுகள் என்று அதே வெளியீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. 768 வரிகளுக்கும் சேர்த்து 2,113,536 பைற்றுகள். 4,096 பைற்றுகள் கொண்ட நினைவகப் பக்கங்களாகக் கணக்கிட்டால் மிகச் சரியாக 516 பக்கங்கள், மிச்சமே இல்லை. தங்கள் சார்போ, பிக்சலுக்கு 4 பைற்றுகள் என்று நம்பி, வரிக்கு 5,464 பைற்றுகள் வீதம் எழுதுகிறது. 386 வரிகள் எழுதி முடிக்கும்போது 2,109,104 பைற்றுகள் தீர்ந்துவிடுகின்றன. 387ஆவது வரியில் 1,108 பிக்சல்கள் எழுதியபின் அடுத்த பிக்சலுக்கு இடம் இல்லை. செய்நிரல் நிற்பது அந்த இடத்தில்தான். தங்கள் படத்தின் மேற்பாதி மட்டுமே திரை முழுவதையும் நிரப்பியதற்கும், அது படமாகத் தெரியாமல் சாய்ந்த கோடுகளாகத் தெரிந்ததற்கும் இதுவே காரணம்.

இதனை ஊகமாக விட்டுவிடாமல் உறுதிசெய்துகொள்ளலாம். செய்நிரலை ‘-ஜி’ விருப்பத்துடன் தொகுத்து, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்னும் தொலை இணைப்பு வழியாக நுழைந்து, பிழை தேடும் கருவியான ஜிடிபியின் கீழ் ஓட்டுங்கள். அது நின்றதும், எந்த முகவரியில் எழுத முயன்றது என்பதை எடுத்து, அந்தச் செய்நிரலின் நினைவகப் பகுதிகளைப் பட்டியலிடும் ‘மேப்ஸ்’ கோப்பில் எஃப்பி0 என்ற வரியில் காணப்படும் இறுதி முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேறு சான்று வேண்டியதில்லை.

திருத்தம் இரண்டு இடங்களில் தேவை. முதலாவது, எல்விஜிஎல்லின் அமைப்புக் கோப்பில் நிற ஆழத்தை 32 இலிருந்து 16 ஆக மாற்றுவது. இரண்டாவது, வரியின் நீளத்தை அகலத்திலிருந்து பெருக்கி எடுக்காமல், திரையின் நிலையான விவரங்களைக் கேர்னலிடமிருந்து தரும் ஐயோக்ட்ல் அழைப்பிலிருந்து பெறுவது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 1,366 பிக்சல்களை 2 ஆல் பெருக்கினால் 2,732 தான் வரும். வன்பொருளின் வசதிக்காக ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 20 பைற்றுகள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. அதைக் கவனிக்காவிட்டால் முடக்கம் நின்றுவிடும், ஆனால் ஒவ்வொரு வரியும் முந்திய வரியைவிடப் பத்துப் பிக்சல் விலகிப் படம் சாய்ந்தே நிற்கும். 800 பிக்சல் திரையில் அவ்வாறு வெறுமை இல்லாதபடியால்தான் இத்தனை மாதமும் இது வெளிப்படவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்மேப் அழைப்புக்குத் தாங்களே கணித்த 4,196,352 பைற்றுகளைக் கொடுத்திருந்தால், கேர்னல் அதனை மறுத்து -1 என்ற விடையைத் திருப்பியிருக்கும். அந்த விடையைச் சோதிக்காமல் முகவரியாகப் பயன்படுத்தும் செய்நிரல், ஒரு பிக்சல்கூட வரையாமல் முதல் எழுத்திலேயே முடங்கும். என்னிடம் வரும் பிரேம்பஃபர் முறைப்பாடுகளில் இந்தச் சோதனை விடுபட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் பூசை நேரங்களைக் காட்டும் 800×480 திரையை மூன்று ஆண்டுகளுக்கு முன் ராஸ்பெரி பையில் அமைத்தேன். எஸ்டி அட்டை பழுதானதால் அண்மையில் புதிய பணிசெயல் முறைமையை இட்டேன். அன்றிலிருந்து முதற்படம் அழகாகத் தோன்றுகிறது. அடுத்த படம் வரவேண்டிய நேரத்தில் செய்நிரல் முடங்குகிறது. மூலநிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.
– வாசகர், சுன்னாகம்

பதில்: மூலநிரல் மாறவில்லை, ஆனால் அதன் கீழே இருந்த பிரேம்பஃபர் மாறிவிட்டது. படம் துடிக்காமல் மாறுவதற்காக, தாங்கள் திரையின் உயரத்தை 960 வரிகளாக இரட்டித்துக் கேட்டு, கீழ்ப்பாதியில் அடுத்த படத்தை வரைந்துவிட்டுப் பார்வையை அங்கே நகர்த்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய பிரேம்பஃபர் இயக்கி அந்த இரட்டை உயரத்தை வழங்கியது. புதிய முறைமையில் எஃப்பி0 என்பது, கேர்னலின் புதிய வரைகலை முறையான டிஆர்எம் இயக்கியின் மேல் அமைந்த ஒரு போலி வடிவம். அது வழக்கமாக ஒரு திரைக்குத் தேவையான அளவு இடத்தையே ஒதுக்குகிறது. இரட்டை உயரம் கேட்ட அழைப்பு தோல்வியடைந்திருக்கும்; செய்நிரல் அதைப் பாராமல், இல்லாத இரண்டாம் பக்கத்தில் எழுதப் போய் முடங்குகிறது.

கேர்னலுக்கு ஏற்றும்போது கொடுக்கப்படும் ‘டிஆர்எம்_எஃப்பிடெவ்_ஓவர்அலொக்’ என்னும் அளவுரு இயல்பாக 100 என்றிருக்கும். அதை 200 ஆக்கினால் இரண்டு திரைக்குரிய இடம் கிடைக்கும். இருந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அடுத்த முறை அட்டையை மாற்றுபவர் இந்த அளவுருவை அறிந்திருக்க மாட்டார். சாதாரண நினைவகத்தில் ஒரு படத்துக்குரிய இடத்தை ஒதுக்கி, அங்கே முழுவதையும் வரைந்து முடித்து, ஒரே மூச்சில் பிரேம்பஃபருக்குள் நகலெடுங்கள். 16 பிற்று நிறத்தில் அது 768,000 பைற்றுகள்தான். காலைப் பூசையிலிருந்து அர்த்தசாமப் பூசைவரை நாளில் சில தடவைகளே மாறும் திரைக்கு அது ஒரு சுமையே அல்ல.

பிரேம்பஃபரை நம்பி எழுதியோருக்கு இத்தகைய மாற்றம் புதிதன்று. 2006இல் வெளிவந்த ஜிடிகே 2.10 என்னும் வரைகலைக் கருவித்தொகுதி, பிரேம்பஃபரில் வரையும் டிரெக்ற்எஃப்பி நூலகத்தின் மீது ஓடும் வசதியைக் கொண்டிருந்தது. 2007இல் வந்த டெபியன் 4.0 என்னும் லினக்ஸ் வெளியீட்டின் வரைகலை நிறுவி அதன்மீதே இயங்கியது. ஜிடிகே 3இல் அவ்வசதி இல்லை. எக்ஸ் இல்லாமல் பிரேம்பஃபரில் ஓடிய, கியூட்டி 4இன் கியூடபிள்யூஎஸ் சாளர முறையும் 2012 டிசம்பரில் வந்த கியூட்டி 5உடன் விடைபெற்றது. ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் டிஆர்எம் வழியையே முதலில் எண்ணிப்பார்ப்பது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் கோயில் திரையை அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை.

கேள்வி: பேருந்து புறப்படும் நேரங்களைக் காட்டும் பலகை ஒன்றைச் செய்துவருகிறேன். நல்லூர், சுன்னாகம் என்ற பெயர்கள் வரும்வரை சிக்கல் இல்லை. யாழ்ப்பாணம் அல்லது பருத்தித்துறை வந்தால் ‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்று எழுதிவிட்டு நிற்கிறது. கொக்குவில் சில நாள் சரியாக வருகிறது, சில நாள் நிற்கிறது. எழுத்துருவை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– வாசகி, நெல்லியடி

பதில்: எழுத்துரு குற்றமற்றது. தாங்கள் அனுப்பிய நிரலில் ஊர்ப்பெயருக்கு 32 பைற்றுகள் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எழுதுபவருக்கு அது தாராளம். தமிழில் அவ்வாறன்று. ‘யாழ்ப்பாணம்’ என்பதில் நமக்கு ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்படுவதால் 11 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைற்றுகள் என்பதால் 33 பைற்றுகள், சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழியத்துடன் 34. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதப்பட்டது என்பதே தாங்கள் கண்ட செய்தியின் பொருள். பருத்தித்துறைக்கு 13 குறியீடுகள், 39 பைற்றுகள். நல்லூருக்கு 21, சுன்னாகத்துக்கு 27. ஆகவே அவை தப்பிக்கொள்கின்றன.

கொக்குவிலின் கதைதான் என்னை நெடுநேரம் கடிதத்தை மீண்டும் மீண்டும் வாசிக்க வைத்தது. 10 குறியீடுகள், 30 பைற்றுகள், சுழியத்துடன் 31. இடம் போதும். ஆனால் ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்து எழுதினால் 11 குறியீடுகள், 33 பைற்றுகள். உடனே எல்லை மீறுகிறது. நேர அட்டவணைக் கோப்பை இருவர் வெவ்வேறு விசைப்பலகை முறைகளில் தட்டச்சு செய்கிறார்களா என்று விசாரியுங்கள். சரியாக ஓடும் நாளும் நிற்கும் நாளும் அவர்களின் முறைநாள்களோடு பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள்.

கோப்பை வாசித்தவுடன் எழுத்துகளை என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடத்தை நிலையாக ஒதுக்காமல், வந்த சரத்தின் பைற்று நீளத்தை அளந்து ஒதுக்குங்கள். 32ஐ 64 ஆக்கினால் இன்றைய பிழை மறையும். நீளமான பெயருடைய தரிப்பிடம் ஒன்று சேரும் நாளில் மீண்டும் வரும். ‘ஸ்ட்ரென்கொப்பி’ சார்பால் நறுக்கிப் பொருத்தவும் முயலாதீர்கள்: இடம் நிறைந்தால் அது இறுதிச் சுழியத்தை இடுவதில்லை, மேலும் மூன்று பைற்றுகளின் நடுவே வெட்டப்பட்ட எழுத்து, எழுத்துரு நூலகத்துக்குள் போய் வேறொரு பிழையைப் பிறப்பிக்கும்.

கேள்வி: என் கியூட்டி செய்நிரல், முனையத்தில் கையால் கட்டளையிட்டால் ஓடுகிறது, கணினி தொடங்கும்போது தானாக ஓடவிட்டால் முடங்குகிறது. முடங்கியபின் விசைப்பலகையும் வேலை செய்யாததால், ஒவ்வொரு முறையும் மின்னிணைப்பைப் பிடுங்க வேண்டியுள்ளது.
– மாணவர், சாவகச்சேரி

பதில்: மின்னிணைப்பைப் பிடுங்குவதை இன்றே நிறுத்துங்கள், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் எஸ்டி அட்டையை அது கெடுத்துவிடும். கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. வரைகலைச் செய்நிரல் தொடங்கும்போது முனையத்தை வரைகலை நிலைக்கு மாற்றி, விசைப்பலகையையும் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. பழைய நிலைக்கு மீட்காமல் அது மடிந்தால் திரை உறைந்ததுபோல் தோன்றும். எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பாருங்கள். அதற்கும் வழியில்லையெனில், கேர்னலில் அவ்வசதி இயக்கப்பட்டிருந்தால், ஆல்ற், சிஸ்ஆர்கியூ விசைகளுடன் ஆர் விசையை அழுத்தினால் விசைப்பலகை மீளும்.

முடங்கும் காரணத்துக்கு, சேவை நின்றபோது பதிவான எண்ணைப் பாருங்கள். முனையத்தில் ஓட்டினால் ‘எக்கோ $?’ என்று கேட்டறியலாம். சேவைப் பதிவு சமிக்ஞை எண்ணை மட்டும் காட்டினால், அதனுடன் 128ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 139 என்றால் தவறான முகவரி. 135 என்றால் இணைத்த பகுதிக்குப் பின்னால் உண்மையான நினைவகம் இல்லாத இடம். 137 என்றால் வெளியிலிருந்து கொல்லப்பட்டது. பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறை. 134 என்றால் செய்நிரலோ அதன் நூலகமோ தானே நிறுத்திக்கொண்டது. கியூட்டி தன் திரைச் செருகியைத் தொடக்க முடியாதபோது இவ்வாறே செய்யும். தங்களுக்கு வருவது இந்தக் கடைசி எண்ணாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

கையால் ஓட்டும்போது தங்கள் கணக்கு, எஃப்பி0வைத் திறக்க அனுமதி பெற்ற ‘வீடியோ’ குழுவில் இருக்கிறது, கியூட்டிக்குரிய சூழல் மாறிகளும் முனையத்தில் அமைந்துள்ளன. தானாகத் தொடங்கும் சேவைக்கு இவ்விரண்டும் தாமாக வருவதில்லை. சேவைக் கோப்பில் பயனர், குழு, எந்தத் திரைச் செருகி வேண்டும் என்று கியூட்டிக்குச் சொல்லும் ‘கியூட்டி_கியூபிஏ_பிளாட்ஃபோம்’ மாறி ஆகியவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். பின்னர், அதே பயனராக நுழைந்து, டெவ் கோப்புறையிலுள்ள, எழுமாற்றான பைற்றுகளைத் தரும் ‘யுரான்டம்’ கோப்பை ‘கேற்’ கட்டளையால் எஃப்பி0வுக்குள் செலுத்துங்கள். திரை முழுவதும் புள்ளிகள் நிறைந்து, இடமில்லை என்ற செய்தியுடன் கட்டளை முடிந்தால் பிரேம்பஃபரும் அனுமதியும் சரி; அந்தச் செய்தி பிழையன்று, திரை நிறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், அந்தப் பயனரை வீடியோ குழுவில் சேர்த்துவிட்டு, கணினியை மீளத் தொடக்கிப் பாருங்கள்.