அனியூரிசம் ஆபரேஷனுக்கு எந்த மயக்க மருந்து நல்லது?

அம்மாவுக்கு மூளையில் அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் ஒரு இடத்தில் புடைத்திருக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை, அடுத்த வாரம் மண்டையோட்டைத் திறந்து அந்தப் புடைப்புக்குக் கிளிப் போடப் போகிறார்கள், நரம்பில் ஏற்றும் புரோபோஃபோல் நல்லதா மூச்சில் இழுக்கும் வாயு மருந்து நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைக் கூடத்தில் தாதி, டாக்டர் இல்லை. கூட நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மருந்தின் பெயரை விடுங்கள், பிரஷரை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய சைக்கிள் டியூப் ஒரு பக்கம் புடைக்குமே, அனியூரிசமும் அப்படித்தான். பிரஷர் சட்டென ஏறினால் வெடிக்கலாம், ரொம்ப இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. தொண்டையில் குழாய் இறக்கும்போதும், தலை அசையாமல் இருக்க முள் வைத்த கவ்வியை மண்டையில் இறுக்கும்போதும், கடைசியில் விழிக்கும்போது இருமினாலும் ஏறும். அதனால்தான் மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் அளக்கிறார்கள். ரெமிஃபென்டனில் என்ற வலி மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் சில நிமிடத்தில் வேலை தீர்ந்துவிடும், ஆள் சீக்கிரம் விழித்து கை கால் அசைக்கிறாரா என்று பார்க்கலாம்.

சரி, உங்கள் கேள்வி. புரோபோஃபோல் மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளையைக் கொஞ்சம் தளர்த்தும். செவோஃப்ளூரேன் என்ற வாயு மருந்து அளவு கூடினால் ரத்தக்குழாய்களை விரிக்கும், குறைந்த அளவில் பிரச்சினை இல்லை. கை கால் நரம்பு சிக்னலைக் கண்காணிக்கப் போகிறார்கள் என்றால் வாயு மருந்து அதை மங்கவைக்கும், அதனால் பெரும்பாலும் புரோபோஃபோல்தான்.

அப்புறம் அடினோசின். பெரிய அனியூரிசமாக இருந்தாலோ திடீரென வெடித்தாலோ, கிளிப் போட வசதியாக இதயத்தையே சில விநாடி நிறுத்தும் மருந்து. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் போட்டார், இருந்தும் முதல் தடவை மானிட்டரில் கோடு நேராகப் போனபோது நானும் மூச்சு விடவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது.

அதனால் அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டா என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் காய்ச்சல் கண்டபடி ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள், வாயு மருந்து வேண்டவே வேண்டாம் என்று முடிவாக அது ஒன்றே போதும். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், தேக்கா சந்தையில் வாங்கிய லேகியம் என்று எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆடுகிற பல் இருந்தால் அதையும் காட்டுங்கள், குழாய் இறக்கும்போது விழுந்துவிடும்.