கசினோப் பயணம் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் குரல் பதிவை நான் கேட்டது திருகோணமலையில் வைத்து. விடுமுறைக்கு வந்து இது மூன்றாவது கிழமை. பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் உங்கள் அம்மா என்னைக் கண்டு, "மகன் கனடாவில இருந்து ஏதோ கேட்டிருக்கிறான், நீங்கள் அங்க கனகாலம் இருக்கிறீங்கள், ஒரு பதில் சொல்லுங்கோ" என்று போனைக் கையில் தந்துவிட்டார். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் திருக்கடலூர் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இதுதான். ரொறன்ரோவுக்கு வந்து ஏழு மாதம். வெயர்ஹவுஸில் கூட வேலை செய்யும் நாலு அண்ணன்மார் செப்டெம்பரில் வான் வண்டியில் ஒரு கிழமைப் பயணம் போகிறார்கள்: நயாகரா, பிறகு அமெரிக்காவில் அட்லாண்டிக் சிற்றி, கனெக்டிகட். போகிற இடமெல்லாம் கசினோ. உங்களுக்கு விளையாட விருப்பமில்லை. போகாவிட்டால் தனித்துப்போவோமோ என்று பயம். "அவையள் உள்ளுக்க விளையாடேக்க நான் ஒரு நாள் முழுக்க என்னண்ணா செய்யிறது? போகலாமா?" என்று கேட்டீர்கள்.

முதலில் கடதாசி விஷயம். உங்களிடம் கனடிய நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும், கடவுச்சீட்டு இலங்கையுடையது. அமெரிக்க விசா இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மற்ற நாலு பேரும் குடியுரிமை எடுத்தவர்கள் என்றால் இது அவர்களுக்கு நினைவிலேயே வந்திருக்காது. எல்லையில் இருக்கும் ஃபோர்ட் ஈரிப் பாலத்தடி வரைக்கும் போய், அங்கிருந்து நீங்கள் தனியாகப் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டி வரும். விசா எடுக்க நாள் செல்லும். அதை விசாரிக்காமல் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் 1996இல் போனவன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறை, ஒரு தொழிற்சாலை, இரண்டுக்கும் நடுவில் பஸ். அதே வருடத்தில்தான் ஒரிலியாவுக்குப் பக்கத்தில் ராமா கசினோவும் நயாகராவில் முதல் கசினோவும் திறந்தார்கள். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, போக ஒரு வீடு இல்லாத பெடியனுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே சூடு, வெளிச்சம், ஆள் சத்தம். விடிய விடியத் திறந்திருக்கும். உங்கள் ஆங்கிலத்தை ஒருவரும் சோதிக்க மாட்டார்கள். கதிரை தருவார்கள், சேர் என்று கூப்பிடுவார்கள். பேராசை பிடித்துப் போகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். என் கண்ணுக்குத் தெரிந்த வரையில் எங்கள் பெடியன்களை முதல் தரம் அங்கே கூட்டிக்கொண்டு போனது தனிமை. காசாசை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. நீங்கள் தனித்துப்போவேன் என்று சொன்ன இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்தது அதனால்தான்.

2003 செப்டெம்பரில் நானும் இதே பயணம் போனேன். நாலு பேர், ஒரு வான், ஆறு இரவு. நயாகராவில் ஒரு இரவு, அட்லாண்டிக் சிற்றியில் மூன்று, கனெக்டிகட்டில் இரண்டு. கையில் 600 டொலர் வைத்திருந்தேன். அது நயாகராவிலும் அட்லாண்டிக் சிற்றியின் முதல் இரவிலும் போய்விட்டது. இரண்டாம் இரவு கடனட்டையைப் போட்டு 1,200 டொலர் எடுத்தேன். கடனட்டையில் சாமான் வாங்கினால் வட்டியில்லாத தவணை ஒன்று கிடைக்கும். காசாக எடுத்தால் எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அது எனக்கு அப்போது தெரியாது. விடியற்காலை நாலு மணிக்கு அந்த 1,200 டொலரும் இல்லை. அந்தக் கடனை அடைக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

அறைக்கு வந்தால் மற்ற மூவரும் நல்ல நித்திரை. எனக்கு வரவில்லை. ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று முழுக்க விளையாடக் காசில்லை. விடுமுறையில் முதல் தடவையாக ஒரு வெறும் நாள்.

அட்லாண்டிக் சிற்றியில் கடலோரம் நெடுக மரப்பலகை நடைபாதை ஒன்று ஓடுகிறது. ஹோட்டலுக்குள்ளும் ரயிலுக்குள்ளும் ஆட்கள் கடல் மண்ணைக் காலில் கொண்டுவருகிறார்கள் என்று 1870இல் போட்ட பாதை. அதில் ஓர் இருக்கையில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பியது. தம்பி, நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளை, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குச் சூரியன் கடலில் எழும்பித்தான் பழக்கம். கோணேசர் கோயிலடியில் நின்று பார்த்தாலும் டச்பேயில் நின்று பார்த்தாலும் அப்படித்தான். ஏழு வருடமாக நான் சூரியனை வேலைக்குப் போகும் பஸ் யன்னலுக்குள்ளால்தான் கண்டிருந்தேன். அன்று அந்தத் தண்ணீரில் சிவப்பு விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. காசு போனதற்காக என்று முதலில் நினைத்தேன். அதற்காக இல்லை.

சட்டைப் பையில் தொலைபேசி அட்டை ஒன்று மிச்சமிருந்தது. நடைபாதையில் பொதுத் தொலைபேசி ஒன்றைத் தேடிப்பிடித்து ஊருக்கு எடுத்தேன். அட்லாண்டிக் சிற்றியில் காலை ஏழு, இங்கே ஊரில் அப்போது பின்னேரம் ஐந்து. எங்கள் வீட்டில் போன் இல்லை, பக்கத்துக் கடைக்கு எடுத்தால் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். அப்பா வந்தார். கரைவலை இழுத்துவிட்டு வந்த ஆள், மூச்சு வாங்கினது கேட்டது. "இண்டைக்கு வேலையில்லையே?" என்று கேட்டார். லீவு என்றேன். "எங்க நிக்கிறாய்?" கடற்கரையில் என்றேன். "அங்கயும் கடல் இருக்கோ, மீன் படுதோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடத்தில் அந்த நாட்டைப் பற்றி அப்பா கேட்ட மிக எளிய கேள்வி அது, அதற்குக்கூட என்னிடம் பதில் இருக்கவில்லை. "பாத்துச் சொல்லுறன்" என்று வைத்தேன்.

அதனால் போய்ப் பார்த்தேன். வடக்கே நடந்தால் கசினோக்கள் முடிந்து, கடல் உள்ளே திரும்புகிற ஒரு வாய்க்கால் வரும், அப்செகன் முகத்துவாரம். கற்பாறைகளில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு வயதான கறுப்பினத்தவர் தான் பிடித்த மீனைக் காட்டினார். புளூஃபிஷ் என்றார். நீல முதுகு, கூர்ப்பல், எங்கள் பாரை மாதிரி உடம்பு. அவருடைய நைலோன் நூல் சிக்குப்பட்டபோது நான் வாங்கி எடுத்துக் கொடுத்தேன். வலைக்காரன் மகனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா. பிறகு கொக்கியை அப்பா முடிகிற மாதிரி முடிந்து காட்டினேன். அவர் இரண்டு தரம் அவிழ்த்து முடிந்து பழகினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவரோடு நின்றேன். கனடா வந்த பிறகு வேலை, வாடகை, விசா மூன்றையும் விட்டு ஓர் அந்நியரோடு நான் கதைத்த முதல் கதை அதுதான்.

அவர்தான் கிட்ட இருக்கும் வெளிச்சவீட்டுக்குப் போகச் சொன்னார். 1857இல் முதன்முதல் ஏற்றிய விளக்கு, 228 படி. மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடலோரக் கசினோக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் வெறும் வளவுகள், பலகை அடித்த வீடுகள். அட்லாண்டிக் சிற்றி இருக்கிற நியூ ஜேர்சி மாநிலத்து மக்கள் 1976இல் வாக்குப் போட்டுக் கசினோவை அனுமதித்தார்கள். 1978இல் முதலாவது திறந்தது, நெவாடாவுக்கு வெளியே அமெரிக்காவில் சட்டப்படி திறந்த முதல் கசினோ. நகரம் நிமிரும் என்று நம்பித்தான் போட்டார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு நான் மேலே நின்று கண்டது அந்த வெறும் வளவுகளை. 2014இல் ஒரே வருடத்தில் அங்கே நாலு கசினோக்கள் மூடப்பட்டன. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அந்தத் தூண்டில்காரரின் ஞாபகம்தான் வந்தது.

பின்னேரம் அறைக்குப் போனேன். எங்களில் ஒருவர் 900 டொலர் வென்றிருந்தார். எல்லோருக்கும் சாப்பாடு வாங்கித் தந்தார். இரவு பதினொரு மணிக்கு அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அவரோடு போகவில்லை. மீதி நாட்களில் கனெக்டிகட்டிலும் உள்ளே போகவில்லை. இதை மன உறுதி என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சொல்ல ஒரு விஷயம் கையில் இருந்தது, அது போதுமாக இருந்தது.

கணக்கையும் ஒருக்கால் பாருங்கள், நீங்கள் உயர்தரத்தில் கணிதம் படித்தவர் என்று அம்மா சொன்னார். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழி, பந்து எதில் விழும் என்று காசு வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டொலர் வைத்தால் 38 டொலர். எது விழுந்தாலும் உங்கள் டொலரும் சேர்த்துத் திரும்பி வருவது 36. ஒவ்வொரு சுற்றிலும் 2 டொலர் மேசைக்கு. நூறுக்கு 5.26. காசு போட்டுப் பொத்தானை அமத்துகிற ஸ்லொட் மெஷின் இன்னும் மோசம். போட்டதில் 83 வீதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நியூ ஜேர்சிச் சட்டத்தின் கீழ்வரம்பு. பெரும்பாலான மெஷின்கள் அதைவிடக் கூடக் கொடுக்கும். ஆனால் நிமிடத்துக்குப் பத்துத் தரம் பொத்தானை அமத்துகிறவருக்கு அந்தச் சின்ன வீதம் எவ்வளவு வேகமாகச் சேரும் என்று பெருக்கிப் பாருங்கள். கசினோவில் அதிர்ஷ்டசாலிகள் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன். அவர்கள் அடுத்த நாளும் அங்கே நிற்கிறார்கள்.

கடுதாசி விளையாட்டுக்கே நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். இப்போதுகூட விறாந்தையில் என் மைத்துனர்மார் 304 விளையாடுகிறார்கள், துரும்பு கேட்டுச் சத்தம் போடுகிறார்கள். நாலு பேர், ஆளுக்கு எட்டுக் கடுதாசி. ஒரு சாதிக் கடுதாசிக்கு 76 புள்ளி, நாலு சாதிக்கும் சேர்த்து 304. தோற்றவர் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். விளையாட்டு முடிந்தால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஸ்லொட் மெஷின் வரிசையில் இருபது பேர் தோளோடு தோள் இருந்தும் ஒருவரும் மற்றவரைப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது கூட்டாளிகள் என்றால், அந்த நாலு அண்ணன்மாரை ஒரு சனிக்கிழமை உங்கள் அறைக்குக் கூப்பிட்டுப் புட்டும் மீன்குழம்பும் வைத்துக் கடுதாசி போடச் சொல்லுங்கள். வருவார்கள். அவர்களும் உங்களைப் போலத்தான் வந்து இறங்கினவர்கள்.

விசா கிடைத்து, போகத்தான் விருப்பம் என்றால் போங்கள். ஆனால் புறப்படுவதற்கு முன்னமே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: "நான் விளையாட வரேல்லை, ஊர் பார்க்க வாறன்." அங்கே போய்ச் சொன்னால் கெஞ்சுவார்கள், இருபது டொலர் தந்து இருத்துவார்கள். கடனட்டையை வீட்டில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கும் பெற்றோல் பங்குக்கும் காசை எண்ணி எடுங்கள். கொறிக்க மீன் ரோல்ஸ் கட்டுங்கள், இறைச்சி ரோல்ஸை எல்லையில் பறிக்கவும் கூடும். அந்த நாலு பேரில் ஒருவருக்கு இது விளையாட்டைத் தாண்டிவிட்டது என்று உங்களுக்குப் பட்டால், ஒன்ராறியோவில் ஒருவர் தானே பதிந்து தன்னைக் கசினோவுக்குள் விடாதபடி செய்யும் ஏற்பாடு உண்டு. அதைத் தனியே கூப்பிட்டு, மரியாதையாகச் சொல்லுங்கள்.

விசா கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள். நயாகராவுக்குப் போகும் வழியில் செயின்ற் கத்தரீன்ஸில் வெலண்ட் கால்வாயின் மூன்றாம் லொக் இருக்கிறது. லொக் என்றால் கதவு போட்ட தொட்டி மாதிரி, தண்ணீரை விட்டுக் கப்பலை ஏற்றி இறக்கும். நம் துறைமுகத்துக்கு வருகிற மாதிரிப் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று, கை நீட்டினால் தொடலாம் போலக் கிட்டத்தில் நின்று, தண்ணீர் நிரம்ப நிரம்ப உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே மேலெழும்பும். எட்டு லொக், ஒன்ராறியோ ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவில் 99.5 மீற்றர் உயரம். பார்க்கக் காசு வாங்குவதில்லை. முதல் தடவை போனபோது நான் மூன்று கப்பலுக்கு நின்றேன்.

நான் 28ஆம் திகதி திரும்புகிறேன். உங்கள் அம்மா நெத்தலிக் கருவாடும் வறுத்த மிளகாய்த்தூளும் பொதி செய்து வைத்திருக்கிறார், நான் கொண்டு வருகிறேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை வேலை இல்லை என்றால் சொல்லுங்கள், காலை ஏழுக்கு உங்கள் வாசலில் கார் நிற்கும், லொக்கடிக்குப் போவோம். என்ன கப்பல் வருகிறது, எந்த நாட்டுக் கொடி என்று பார்த்து அம்மாவுக்கு அங்கிருந்தே எடுத்துச் சொல்லலாம். அவர் கேட்பார்.