தோப்பில் இருக்கும் பெட்டிக்கு ரூ.28,000 செலவு தேவையா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பு வீட்டிலிருந்து 18 கி.மீ. தள்ளி இருக்கிறது. 2018-இல் ஒருவர் பம்ப்செட் அறையில் ராஸ்பெர்ரி பை 3 (கையடக்கக் கணினி போர்டு) பெட்டி ஒன்றை டாங்கிளோடு (சிம் போட்டு இணையம் தரும் கருவி) மாட்டிக் கொடுத்தார். தொட்டியின் நீர்மட்டம் போனுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக வரவில்லை. “பழைய பெட்டிக்கு புரோட்டோகால் சப்போர்ட் போயிடுச்சு, புதுசு 28,000 ரூபாய்” என்கிறார். வாங்கலாமா?
- உடுமலை வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. வயதானது போர்டு அல்ல, எஸ்டி கார்டில் இருக்கும் மென்பொருள். 2016-இல் வந்த பை 3-இல் இன்றைய ராஸ்பெர்ரி பை ஓஎஸ் (அதன் இயங்குதளம்) தாராளமாக ஓடும்.

சர்வர்கள் பழைய பாஷையை, அதாவது அவர் சொல்லும் புரோட்டோகாலை, ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. இணையப் பேச்சைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டுக்கும் 2021 மார்ச்சில் ஓய்வு கொடுத்தாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று சர்வர்களுக்கு இலவசமாக அடையாளச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியாகி, உலகெங்கும் பழைய பெட்டிகள் பல ஒரே நாளில் வாயடைத்துப் போயின.

ஆனால் உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல்தான். பை 3-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்துதான் மறுபடி எண்ணத் தொடங்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்காவிட்டால் பெட்டி போன மாதத்திலேயே உட்கார்ந்திருக்கும். சர்வர் நேற்று புதுப்பித்த சான்றிதழ் அதன் கண்ணுக்கு ‘இன்னும் பிறக்காதது’, இணைப்பை மறுத்துவிடும். ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி date என்று தட்டிப் பாருங்கள். தேதி தப்பென்றால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று போதும், சில நூறு ரூபாய்தான்.

டாங்கிளையும் திருப்பிப் பாருங்கள். 3ஜி மட்டும் என்றால், அந்தச் சேவை பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டதால், அதை மாற்றத்தான் வேண்டும். சிம்மைப் போனில் போட்டு ‘வேலை செய்கிறதே’ என்று ஏமாற வேண்டாம், போன் 4ஜியில் பேசும்.

இரண்டும் சரியென்றால் ஓஎஸ்ஸைப் புதுப்பிக்கலாம். வீட்டில் உட்கார்ந்தபடி தொலைவிலிருந்து செய்யவே செய்யாதீர்கள். நான் ஒருமுறை ஃபயர்வாலில் (யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் காவல் மென்பொருள்) ஒரு வரியை மாற்றி என்னையே வெளியே பூட்டிக்கொண்டு, 40 கி.மீ. பைக்கில் போய்த் திறந்தேன். இப்போதெல்லாம் கைவைக்கும் முன் ‘10 நிமிடத்தில் ரீபூட்’ என்று கட்டளை கொடுத்துவிடுவேன். மாற்றத்தைச் சேமிக்காமல் சோதித்தால், சொதப்பினாலும் பெட்டி தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். உங்களுக்குச் சுலப வழி: புதுக் கார்டில் ஓஎஸ்ஸும் அவருடைய நிரலும் ஏற்றி, அதே சிம்மோடு வீட்டில் இரண்டு நாள் ஓட்டிவிட்டு, தோப்புக்கு எடுத்துப் போய் மாற்றுங்கள்.

அப்புறம், அவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. பெட்டி யாருடைய சர்வரோடு பேசுகிறது? அவர் அதை மூடிவிட்டிருந்தால் புதுப் பெட்டிக்கும் நாளை இதே கதிதான். பாஸ்வேர்டு எங்கே? காசு கொடுத்தவர் நீங்கள், எழுதி வாங்குங்கள். புதிது வாங்கியே தீருவதென்றால், மென்பொருளை எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவார் என்பதைப் பில்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள். மொபைல் சிம்மில் வெளியிலிருந்து பெட்டியை நேராக அழைப்பது பெரும்பாலும் நடக்காது. பெட்டிதான் வெளியே கூப்பிட வேண்டும். அதற்கு வயர்கார்டு (இரு கருவிகளுக்கு இடையே பூட்டிய தனிப் பாதை போடும் மென்பொருள்) போன்ற ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள்.

பழைய கார்டைத் தூக்கிப் போடாமல் கவரில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.