மாலைக்குமேல் தண்ணீர் குடிக்காத அப்பா

கேள்வி: எழுபது வயதான என் அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். குடல் கெட்டால் மூளையில் அழற்சி கூடும் என்று படித்தேன். அவருக்கு மலச்சிக்கல் அதிகம். இரவில் கழிப்பறைக்குப் போக என் மனைவியை எழுப்பத் தயங்கி, மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீரே குடிப்பதில்லை. குடலுக்கு நன்மை தரும் நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாட்டிக் பவுடர்களில் எது நல்லது?

பதில்: நீங்கள் படித்ததில் பொருள் இருக்கிறது. இந்நோயில் மூளையில் திரளும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம், சிலருக்குக் குடல் நரம்புகளில் தொடங்கி குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே மேலேறக்கூடும் என்ற கருத்தை ஜெர்மானிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்தார். அப்புரதம் மிகுதியாக உருவாகும்படி மரபணு மாற்றிய எலிகளை வைத்துக் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. குடலில் நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்ந்த எலிகளைவிட, அவை இருந்த எலிகளின் மூளையில் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் அதிகமாகக் கிளர்ந்து அழற்சி மிகுந்திருந்தது. நோயாளிகளின் குடல் நுண்ணுயிரிகளைச் செலுத்தியபோது எலிகளின் இயக்கம் மேலும் மோசமானது. சில புரோபயாட்டிக்குகள் மலச்சிக்கலைச் சற்றே குறைக்கலாம். நோயைத் தடுத்து நிறுத்துவதாக எந்தப் பவுடருக்கும் நிரூபணம் இல்லை.

மருமகளை எழுப்பக் கூசி ஒரு முதியவர் மாலை முதல் விடியும்வரை நாக்கு வறண்டு கிடக்கிறார். நீங்களோ அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, பவுடரின் பெயரைக் கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் மகன் எங்கே இருக்கிறார்? பெற்ற தகப்பனை நள்ளிரவில் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது முதலில் உங்கள் கடமை. பகலெல்லாம் அவருக்குச் செய்து களைத்த பெண்ணிடம் அதையும் தள்ளிவிடுவது அவர்கள் இருவருக்கும் இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இந்நோயில் குடலின் அசைவு ஏற்கெனவே மந்தமாகிவிடுகிறது. தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகும். இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரை சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது என்பதால், வயிறும் குடலும் தேங்கினால் அதன் பலன் தாமதமாகலாம். நீங்களோ நோய் முற்றிவிட்டதென்று எண்ணக்கூடும். எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் இந்நோயில் உண்டு. உடலில் நீர் வற்றினால் அது மோசமாகி, இரவில் விழுந்து எலும்பு முறியவும் வழியாகும்.

இன்றே உங்கள் படுக்கையை அவருடைய அறைக்கு மாற்றுங்கள். எழுப்பச் சொல்லிக் காத்திராமல், இரவில் நீங்களாகவே ஒருமுறை அவரை அழைத்துச் செல்லுங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் பகல் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். எந்தெந்த நாள் மலம் கழித்தார், மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், கைகால் எப்போது இலகுவானது என்று இரண்டு வாரம் குறித்து, அந்தக் குறிப்போடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மலமிளக்கி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.